பருத்தி இறங்கினால் துணியும் இறங்குமா?

மறுபடியும் ஒருவர். நாகர்கோவிலில் பள்ளிச் சீருடை சப்ளை செய்பவர். வருஷம் முழுக்க ஒரே விலை என்று எழுதிக் கொடுத்துவிட்டு, துணி விலை ஏறியதும் ஃபைலோடு வந்து உட்கார்ந்தார். "பருத்தி இறங்கித்தானே சார் கிடக்கு? துணிக்காரன் ஏமாத்துறான்." கணக்குப் பார்க்கும் எனக்கு இதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது.

அண்ணாச்சி, நீங்கள் வாங்குவது பருத்தியே இல்லை. பாலியஸ்டர் விஸ்கோஸ் கலவை. பாலியஸ்டருக்கான மூலப்பொருள்களான பி.டி.ஏ., எம்.இ.ஜி. இரண்டும் பெரும்பாலும் கச்சா எண்ணெய் வழி வருபவை. விஸ்கோஸ் மரக்கூழ்தான், ஆனால் அதை நூலாக்க காஸ்டிக் சோடாவும் கார்பன் டைசல்பைடும் வேண்டும். இழையின் பளபளப்பைக் குறைக்கச் சேர்க்கும் டைட்டானியம் டை ஆக்சைடுக்கான இல்மனைட் தாது நம் மணவாளக்குறிச்சி மணலிலேயே இருக்கிறது. பருத்திச் செடிக்கு இதில் வேலையே இல்லை.

"நான் சுத்தக் காட்டன்தான்" என்கிற வடசேரி நெசவுக்காரர்களும் தப்ப முடியாது. வெளுக்கவும் சாயம் ஏற்றவும் அவர்களுக்கும் காஸ்டிக் சோடா வேண்டுமே. காஸ்டிக் சோடா தயாராகும்போது குளோரினும் கூடவே வரும். குளோரின் விற்கவில்லை என்றால் ஆலை ஓட்டத்தைக் குறைக்கும், காஸ்டிக் விலை ஏறும். சாயமும் அப்படித்தான்: 2017, 2018இல் சீனா மாசுபடுத்தும் ஆலைகளை மூடியபோது சாய மூலப்பொருள் விலை இங்கேயும் எகிறியது. வெளிர் நிறத்துக்குச் சாயம் கொஞ்சம் போதும்; நேவி புளூ, மெரூன், கறுப்புக்குப் பல மடங்கு குடிக்கும். ஆனாலும் இரண்டுக்கும் ஒரே விலை போட்டு பில் கொண்டுவருகிறார்கள்!

கொட்டேஷனில் 15 நாள்தான் செல்லும் என்று எழுதுங்கள். பள்ளி ஒத்துக்கொள்ளாது என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள், கேட்டுப் பாருங்கள். ஒத்துக்கொள்ளவில்லையா, ஆர்டர் கைக்கு வந்த அன்றே அட்வான்ஸ் கொடுத்துத் துணியைப் புக் செய்துவிடுங்கள். அடக்க விலைக் கணக்கில் சாயம், ரசாயனத்துக்குத் தனியாக ஒரு லைன் வேண்டும். 'இதர செலவு' என்று அமுக்கக் கூடாது.

தயவுசெய்து பில் இல்லாமல் சாயம் வாங்காதீர்கள். சாயத்துக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம், துணிக்கு 5. பதிவு பெற்றவர் அந்த வித்தியாசத்துக்கு ரீஃபண்ட் கேட்கலாம், பில் இருந்தால்.

அப்புறம், விலை இறங்கியது என்று ஹைட்ரோவை (சாயப்பட்டறையில் பயன்படும் சோடியம் ஹைட்ரோசல்பைட் தூள்) டின் டின்னாக அடுக்க வேண்டாம். இரண்டு மழைக்காலம் உள்ள ஊர் இது. ஈரம் பட்டால் சரக்கு வீணாகும், சூடேறித் தீயும் பிடிக்கும்.