கிடா விதையும் லாட்ஜ் லேகியமும்

போன வாரமும் ஒரு தம்பி வந்தார். வயது 26, அடுத்த மாதம் கல்யாணம். மஞ்சப்பையிலிருந்து ஒரு லேகிய டப்பா, நூல் சுற்றிய பொட்டலங்கள், ஒரு எண்ணெய் பாட்டில் என்று ஒவ்வொன்றாக எடுத்து என் மேஜையில் வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே லாட்ஜில் மாதம் ஒருநாள் வந்து தங்கும் ‘பரம்பரை வைத்தியர்’ கொடுத்ததாம். 38,000 ரூபாய், கல்யாணத்துக்குச் சேர்த்த பணம். பரிசோதித்தேன், ரத்தமும் பார்த்தேன், ஒரு குறையும் இல்லை. கைப்பழக்கத்தால் நரம்பு தளர்ந்துவிட்டது என்று அந்த ஆள் சொன்னதைத் தவிர இவருக்கு வேறு வியாதியே கிடையாது.

யூராலஜியில், அதாவது சிறுநீர், ஆண்குறி சம்பந்தப்பட்ட வைத்தியத்தில், இத்தனை வருஷத்தில் இதே கதையை எத்தனை பேர் வாயால் கேட்டுவிட்டேன், இனி எழுதாமல் இருக்க முடியவில்லை.

‘ஒரு சொட்டு விந்து நாற்பது சொட்டு ரத்தம்’ என்று சொல்லித்தான் எல்லோரையும் பயமுறுத்துகிறார்கள். இது ஏதோ நம்ம ஊர் முன்னோர் மட்டும் சொன்னது என்று நினைக்காதீர்கள். 1760-ல் டிசோ என்ற சுவிஸ் டாக்டர், ஒரு அவுன்ஸ் விந்து போவது நாற்பது அவுன்ஸ் ரத்தம் போவதைவிட மோசம் என்று எழுதி ஐரோப்பா முழுக்க இளைஞர்களின் தூக்கத்தைக் கெடுத்தார். அவருக்கும் முன்பே லண்டனில் பெயர் போடாத ஒருவர், கைப்பழக்கம் வைத்திருந்தால் வலிப்பு வரும், உடம்பு உருகும் என்று சின்னப் புத்தகம் போட்டு, அதிலேயே அதற்கான மருந்தையும் விற்றார். முதலில் பயம், அப்புறம் பொட்டலம். முந்நூறு வருஷமாக வியாபாரம் இதேதான்.

நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். விந்து ரத்தத்தைக் காய்ச்சி வடித்தது இல்லை. ஒரு தடவை வெளியேறுவது 2 முதல் 5 மில்லி, மிஞ்சிப்போனால் ஒரு டீஸ்பூன். அதில் பெரும்பகுதி விந்துப்பையிலும் புராஸ்டேட் சுரப்பியிலும் ஊறும் நீர், கொஞ்சம் சர்க்கரை, கொஞ்சம் துத்தநாகம். உயிரணுக்கள் நூற்றில் ஐந்து பங்கு வந்தாலே அதிகம். அடக்கி வைத்தாலும் உடம்பு அதை முதலீடாகச் சேர்த்து வைக்காது, பழசைக் கரைத்துவிட்டுப் புதுசு செய்துகொண்டே இருக்கும். சொப்பன ஸ்கலிதம், அதாவது தூக்கத்தில் தானாக விந்து வெளியேறுவது, வியாதி இல்லை. சிறுநீர் சில நேரம் வெள்ளையாகக் கலங்கிப் போகிறதே, அது விந்து இல்லை, பெரும்பாலும் பாஸ்பேட் உப்பு. ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1 லிட்டர் எச்சில் ஊறுகிறது, அதைத் துப்பி யாருக்காவது நரம்பு தளர்ந்திருக்கிறதா?

படித்தவர்களும் ஏமாந்திருக்கிறார்கள். 1889-ல் பாரிஸில் பிரவுன்-செக்கார் என்ற பெரிய உடலியல் மேதை, தன் 72 வயதில், நாய், கினிப்பன்றி விதைகளைப் பிழிந்த சாற்றைத் தனக்கே ஊசி போட்டுக்கொண்டு இளமை திரும்பிவிட்டதாக அறிவித்தார். விதையில் சுரக்கும் ஆண் ஹார்மோன் தண்ணீரில் சரியாகக் கரையாது, ஆகவே சாற்றில் இருந்தது அநேகமாக ஒன்றுமில்லை. தேறியது மனசுதான். லேகியம் தின்ற முதல் மாதம் ‘பரவாயில்லை சார்’ என்பதும் இதே கதைதான்.

அமெரிக்காவில் கான்சாஸ் மாநிலத்தில் ஜான் பிரிங்க்லி இன்னும் ஒரு படி மேலே போனார். 750 டாலர் வாங்கிக்கொண்டு ஆம்பிளைகளின் விதைப்பையைக் கீறி, கிடா விதையை உள்ளே வைத்துத் தைத்தார். அது அங்கே உயிரோடு ஒட்டாது, உடம்பு அதை அழித்துவிடும், சீழ் பிடித்தால் ஆளையும் கொண்டுபோகும். சொந்த ரேடியோ நிலையம் வைத்து விளம்பரம் செய்தார். 1930-ல் அவருடைய டாக்டர் லைசென்ஸைப் பறித்தார்கள். அதே வருஷம் கவர்னர் தேர்தலில் நின்று 1,80,000-க்கு மேல் ஓட்டு வாங்கினார். ஆண்மை பயம் அவ்வளவு பெரிய மூலதனம்.

எங்கள் துறையில் உருப்படியான கதையும் உண்டு. 1983-ல் லாஸ் வேகாஸில் யூராலஜி மாநாட்டில், பிரிண்ட்லி என்ற பிரிட்டிஷ் பேராசிரியர், ரத்தக் குழாயைத் தளர்த்தும் மருந்தைத் தன் குறியிலேயே ஊசி போட்டுக்கொண்டு வந்து, மேடையில் பேன்ட்டை இறக்கிக் காட்டி, சந்தேகமிருந்தால் பாருங்கள் என்று பார்வையாளர் பக்கமே இறங்கி நடந்தார். முன்வரிசையில் அலறல். ஆனால் விறைப்பு என்பது அந்த இடத்து ரத்த ஓட்டம் என்பதை அதைவிடத் தெளிவாக யாரும் காட்டியதில்லை.

சரி, இப்போது நான் கெஞ்சிக் கேட்பது. ‘மூலிகை’ என்று விற்கும் கேப்சூலில் சில்டெனாஃபில், அதாவது வயாகராவில் இருக்கும் அதே மருந்து, கலந்திருப்பதைத் திரும்பத் திரும்பப் பிடிக்கிறார்கள். நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரையோடு அது சேர்ந்தால் பிரஷர் அதலபாதாளத்துக்குப் போய் உயிரே போகலாம். நாற்பது தாண்டியவருக்கு விறைப்பு குறைந்தால் லேகியம் தேடாதீர்கள், சுகர், பிரஷர், இதயம் மூன்றையும் பாருங்கள். பல பேருக்கு இதயம் கொடுக்கும் முதல் எச்சரிக்கையே அதுதான். ஆண்மைக்கு மருந்து என்று விளம்பரம் செய்வதே 1954-ம் வருஷச் சட்டப்படி குற்றம், அந்த நோட்டீஸைக் கையில் வாங்காதீர்கள்.

அரசு ஆஸ்பத்திரிக்கு வாருங்கள் தம்பி. கவுண்டரில் சொல்லக் கூச்சமாக இருந்தால் ‘சிறுநீர்ப் பிரச்சினை’ என்று மட்டும் சொல்லிச் சீட்டு வாங்குங்கள். மீதியை உள்ளே வந்து சொல்லுங்கள், கதவைச் சாத்திவிட்டுத்தான் கேட்போம்.