வெளியே முறுகல், உள்ளே பச்சை: ஏர் ஃப்ரையரில் சாசேஜ்

ஊரில் ஹெல்த் இன்ஸ்பெக்டர் என்றால் கொசு மருந்து அடிக்க ஆள் கூட்டி வருபவர் என்று பலருக்கும் நினைப்பு. டெக்சாஸில் என் வேலை வேறு. டாலஸை ஒட்டிய ஒரு கவுன்ட்டியில் ஓட்டல், பள்ளி கேன்டீன், பெட்ரோல் பங்க்கோடு ஒட்டிய சின்னச் சமையலறை என்று ஒவ்வொன்றாகப் போய் ஃப்ரிட்ஜைத் திறந்து பார்ப்பேன், அடுப்பிலிருந்து இறங்கும் கறியில் தெர்மாமீட்டரைக் குத்திப் பார்ப்பேன். 11 வருஷமாக இதுதான் பிழைப்பு. இதனால் என்னைச் சாப்பிடக் கூப்பிட நண்பர்கள் கொஞ்சம் யோசிப்பார்கள்.

யோசிக்காமல் கூப்பிட்ட ஒருவர் வீட்டுக்கு ஒரு சனிக்கிழமை காலை போயிருந்தேன். ஊரிலிருந்து அவருடைய அம்மா வந்திருந்தார். பெரியவர்களுக்கு இட்லி, பிள்ளைகளுக்கு முட்டையும் டோஸ்ட்டும் பிரேக்ஃபாஸ்ட் சாசேஜும். இந்த ஊரில் காலைச் சாசேஜ் என்றால் பெரும்பாலும் பன்றிக்கறியை அரைத்து, மிளகும் சேஜ் இலையும் சேர்த்து, உள்ளங்கை அகலத்துக்குத் தட்டிய வட்டம். ஆங்கிலத்தில் இதற்கு patty என்று பெயர். அதை அப்படியே ‘பேட்டி’ என்று எழுதினால் நேர்காணலாகிவிடும், கொஞ்சம் மாற்றிப் ‘பாட்டி’ என்றால் அப்பத்தாவாகிவிடும். அதனால் வில்லை என்றே எழுதுகிறேன்.

ஏர் ஃப்ரையர் கூவியது. நண்பர் கூடையை இழுத்தார். ஆறு வில்லைகள், மேலே நல்ல செம்பழுப்பு, ஓரமெல்லாம் முறுகல், வாசனை ஆளைத் தூக்கியது. தட்டில் எடுத்து வைக்கப் போனவரை நிறுத்தி, சட்டைப் பையிலிருந்த தெர்மாமீட்டரை ஒரு வில்லையின் பக்கவாட்டில் நுழைத்தேன். எண் ஏறி ஏறி 131 டிகிரி ஃபாரன்ஹீட்டில் நின்றுவிட்டது. பன்றிக்கறி சாசேஜுக்கு வேண்டியது 160.

“நல்லா முறுகிடுச்சே தம்பி, இன்னும் என்ன வேகணும்?” என்றார் அம்மா.

நண்பருக்கும் அதே சந்தேகம். “எப்பவும் எட்டு நிமிஷம்தான்டா வைப்பேன். இதுவரைக்கும் ஒண்ணும் ஆகலையே.”

குப்பைத் தொட்டியிலிருந்து பாக்கெட்டை எடுத்துப் பார்த்தோம். விஷயம் அங்கே இருந்தது. அவர் எப்போதும் வாங்குவது ஏற்கெனவே வேகவைத்து உறைய வைத்தது. அதைச் சூடாக்கினால் போதும். அந்த வாரம் தள்ளுபடியில் கிடைத்ததென்று எடுத்து வந்தது பச்சைக் கறி. ஒரே ஃப்ரீசர், ஒரே அலமாரி, பாக்கெட்டின் மேல் ஒரே மாதிரி படம்: தட்டில் பொன்னிறமாக வெந்த வில்லைகள். ஒன்றில் ‘ஃபுல்லி குக்டு’ என்று இருக்கும். மற்றதில் அது இருக்காது. பின்பக்கம் ‘சேஃப் ஹேண்ட்லிங்’ என்று, கறியைப் பாதுகாப்பாகக் கையாளச் சொல்லும் ஒரு கட்டம் மட்டும் இருக்கும். இல்லாத ஒரு சொல்லை அவசரத்தில் யார் கவனிக்கிறார்கள்?

அந்தக் கட்டத்துக்கு ஒரு கதை உண்டு. 1993 வாக்கில் இந்த நாட்டின் மேற்கு மாநிலங்களில், உள்ளே சரியாக வேகாத ஹாம்பர்கர் சாப்பிட்டு 700 பேருக்கு மேல் நோயுற்றார்கள், 4 குழந்தைகள் இறந்தார்கள். காரணம் ஈ. கோலி O157 என்ற பாக்டீரியா. அதற்கு அடுத்த வருஷம்தான் பச்சைக் கறி பாக்கெட்டுகளில் அந்த எச்சரிக்கைக் கட்டம் கட்டாயமானது. பன்றிக்கறியில் சால்மோனெல்லாவும் எர்சினியாவும்தான் பெரிய கவலை. கிருமியின் பெயர் மாறுகிறது, ஆனால் அரைத்த கறியின் சிக்கல் ஒன்றுதான்.

துண்டுக்கறியில் கிருமி பெரும்பாலும் மேற்பரப்பில் இருக்கும். சூடான கல்லில் போட்டதும் செத்துவிடும். அதையே கொத்துக்கறியாக்கும்போது மேலே இருந்ததெல்லாம் உள்ளே கலந்துவிடுகிறது. அதனால்தான் முழுத்துண்டுப் பன்றிக்கறிக்கு 145 டிகிரியும் இறக்கியபின் மூன்று நிமிட ஓய்வும் போதும் என்று சொல்லும் அமெரிக்க வேளாண்துறை, அரைத்ததற்கு 160 கேட்கிறது. செல்சியஸில் 71. வான்கோழி, கோழி சாசேஜுக்கு 165, அதாவது 74. ஓட்டல்களில் நாங்கள் பார்க்கும் விதிப்படி அரைத்த கறி 155 டிகிரியில் 17 விநாடி நின்றாலும் சரி. அங்கே பயிற்சி எடுத்தவர் கடிகாரத்தோடு நிற்கிறார் என்ற கணக்கு அது. வீட்டில், ஒரு கையில் தோசைக்கரண்டியும் மறு கையில் பிள்ளையின் ஷூவுமாக நிற்கும்போது 17 விநாடியெல்லாம் எண்ண முடியாது. எட்டியதும் தீர்ந்தது என்கிற 160தான் நமக்குச் சரி.

நிறத்தை நம்பாதீர்கள் என்று நான் சொன்னால் யாருக்கும் பிடிப்பதில்லை. தலைமுறை தலைமுறையாக நிறத்தைப் பார்த்துத்தானே சமைத்தோம்? நியாயம்தான். ஆனால் நம் வீட்டுக் கறிக்குழம்பு அரை மணி, முக்கால் மணி கொதிக்கிறது. அதில் நிறம் ஏமாற்றினாலும் நேரம் காப்பாற்றிவிடும். பத்து நிமிடத்தில் இறங்கும் வில்லைக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. கறிக்குச் சிவப்பு தருவது மையோகுளோபின் என்ற புரதம். காற்று பட்டு அது முன்பே மாறியிருந்தால், போதிய சூடு வருவதற்குள் பழுப்பாகிவிடும். தலைகீழாகவும் நடக்கும்: 160ஐத் தாண்டிய பிறகும் லேசான ரோஜா நிறம் நிற்கலாம். அதைப் பார்த்துப் பயந்து இன்னும் பத்து நிமிடம் வைத்துச் செருப்புத்தோலாக்கியவர்களையும் பார்த்திருக்கிறேன்.

ஏர் ஃப்ரையர் இந்த ஏமாற்றைக் கொஞ்சம் கூட்டிவிடுகிறது. பெயரில்தான் பொரியல். உண்மையில் அது ஒரு குட்டி கன்வெக்ஷன் அவன்: பெரும்பாலான மாடல்களில் மேலே சூடேறும் கம்பிச்சுருள், அதற்கு மேல் விசிறி, சின்ன அறையில் சுழன்றடிக்கும் சூடான காற்று. அந்தக் காற்று வில்லையின் மேல் ஈரத்தைச் சட்டென்று உலர்த்தி முறுக வைக்கிறது. மேப்பிள் சுவை சேர்த்த வகையென்றால் அதிலுள்ள சர்க்கரை இன்னும் சீக்கிரம் கருக்கும். உள்ளேயோ வெப்பம் கறி வழியாக மெதுவாகத்தான் நகர வேண்டும். உறைந்திருந்தால் முதலில் பனி உருக வேண்டும். நண்பர் வைத்த ஆறில் இரண்டு பாதி ஒன்றன் மேல் ஒன்று ஏறி ஒட்டிக்கொண்டிருந்தன. நான் குத்திப் பார்த்தது அதில் ஒன்றைத்தான். இடிக்காமல் தனியாகக் கிடந்த ஒன்று 148 காட்டியது. ஒரே கூடை, ஒரே நிமிடக் கணக்கு, 17 டிகிரி வித்தியாசம்.

பிரித்து, திருப்பிப் போட்டு இன்னும் நான்கு நிமிடம் வைத்தோம். எல்லாம் 160ஐத் தாண்டின. அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றிலும் எண்ணைப் படித்தார்.

நான் வீட்டில் செய்வது இப்படி. கூடையை மூன்று நிமிடம் காலியாகச் சூடாக்குவேன். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த, அரை அங்குலக் கனமுள்ள பச்சை வில்லைகளை இடைவெளி விட்டு ஒரே அடுக்காக வைத்து, 375 டிகிரியில் எட்டிலிருந்து பத்து நிமிடம். நடுவில் ஒருமுறை திருப்புவேன். உறைந்ததென்றால் மூன்று நான்கு நிமிடம் கூடும். வேகவைத்து வந்த வகைக்கு இதில் பாதி நேரம் போதும். இவையெல்லாம் என் வீட்டு மெஷினின் கணக்கு. உங்களுடையது வேறு மாதிரி வீசலாம். எண்ணெய் ஸ்ப்ரே வேண்டவே வேண்டாம். இந்த ஊர்ச் சட்டப்படி பிரேக்ஃபாஸ்ட் சாசேஜில் எடையில் பாதி வரை கொழுப்பு இருக்கலாம், அதுவே உருகி வழியும். வழிந்தது அடித்தட்டில் சுட்டுப் புகைந்தால் அபார்ட்மென்ட்டில் அலாரம் அலறும். மெஷின் கையேடு அனுமதித்தால் கூடைக்கு அடியில் இரண்டு ஸ்பூன் தண்ணீர் விட்டுப் பாருங்கள், புகை அடங்கும். பேப்பர் விரிக்கிறவர்கள் வில்லையை வைக்காமல் வெறும் பேப்பரோடு சூடாக்காதீர்கள். பறந்துபோய்க் கம்பிச்சுருளில் ஒட்டிப் பற்றிக்கொள்ளும்.

தெர்மாமீட்டர் ஒன்றும் யானை விலையில்லை. முனையில் சென்சார் உள்ள, சில விநாடியில் எண் காட்டும் டிஜிட்டல் வகையாகப் பாருங்கள். முள் வைத்த பழைய வகைக்கு இரண்டு அங்குலத்துக்கு மேல் உள்ளே போக வேண்டும். எதுவானாலும் மெல்லிய வில்லையில் மேலிருந்து குத்தினால் நுனி மறுபக்கம் வந்து கூடையின் சூட்டைக் காட்டும். பக்கவாட்டில், நடு வரைக்கும் நுழையுங்கள். அவ்வப்போது ஒரு டம்ளர் நிறைய ஐஸும் கொஞ்சம் தண்ணீரும் விட்டு அதில் வைத்துப் பாருங்கள். 32 காட்ட வேண்டும். வேகாத வில்லையில் குத்திய முனையைக் கழுவாமல் வெந்ததில் குத்தினால், கொன்ற கிருமியை நாமே திரும்பக் கொண்டுபோய் விடுகிறோம். பச்சையைத் தொட்ட இடுக்கியும் அப்படித்தான்.

வான்கோழி வகையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மாடும் பன்றியும் வேண்டாம் என்கிற நம் வீடுகளில் அதுதான் அதிகம் போகிறது, ‘லைட்டாக’ இருக்கும் என்ற நம்பிக்கையும் சேர்ந்து. கொழுப்பு குறைவு, சரி. ஆனால் வேண்டிய சூடு ஐந்து டிகிரி கூடுதல், உப்பு பல பிராண்டுகளில் பன்றிக்கு நிகர். பாக்கெட்டின் பின்னால் சோடியத்துக்கு நேரே உள்ள சதவீதத்தைப் பாருங்கள்: 5க்குள் இருந்தால் குறைவு, 20ஐத் தொட்டால் அதிகம். பதப்படுத்திய இறைச்சி குடல் புற்றுநோய்க்குக் காரணமாகும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2015இல் வகைப்படுத்தியது. பள்ளி நாளெல்லாம் காலையில் இதையே கொடுப்பவர்களிடம் நான் அதையும் சொல்வதுண்டு. ஞாயிற்றுக்கிழமை ஒரு வில்லையை ஒளித்துச் சாப்பிடுகிறவர்களை விட்டுவிடுவேன். நானும் அந்தக் கட்சி.

கடைசியாக, காலை அவசரக்காரர்கள் செய்யும் ஒரு வேலை. இரவே பாதி வேகவைத்து ஃப்ரிட்ஜில் வைத்து, காலையில் மீதியை முடிப்பது. இதை மட்டும் செய்யாதீர்கள். பாதி சூட்டில் கிருமி சாகாது, ஆறும் நேரத்தில் பெருகும். இரவே செய்வதானால் 160 வரை முழுக்க வேகவைத்து, இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வையுங்கள். காலையில் 165 வரை சூடாக்கினால் போதும். உறைந்ததை உருக வைக்கவும் மேடையில் விடாமல் முந்தின இரவே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றுங்கள், அடியில் ஒரு தட்டு வைத்து. வழியும் நீர் கீழே இருக்கும் கொத்தமல்லிக்கட்டில் சொட்டியதை நான் ஓட்டல்களில் பார்த்ததைவிட நண்பர்கள் வீட்டில்தான் அதிகம் பார்த்திருக்கிறேன்.