பிரேக்கிங் சேஞ்ச்: தமிழில் என்ன சொல்லலாம்?

ஒரு மென்பொருளின் புதுப் பதிப்பை நிறுவியதும் நேற்று வரை ஓடிய ஸ்கிரிப்ட் (கட்டளைகளை வரிசையாக எழுதிவைத்த சிறு நிரல்) இன்று மக்கர் செய்தால், அதற்குக் காரணமான மாற்றம்தான் பிரேக்கிங் சேஞ்ச். முறையாகச் சொல்கிறவர்கள் பேக்வர்டு இன்கம்பாட்டிபிள் சேஞ்ச் என்பார்கள். இந்த பேக்வர்டைச் சிலர் 'பின்தங்கிய' என்று மொழிபெயர்த்துவிடுகிறார்கள், தப்பு. மென்பொருள் பின்தங்கவில்லை, முன்னே போகிற அவசரத்தில் பழைய பதிப்புக்கு எழுதியதோடு ஒத்துப்போவதை விட்டுவிட்டது. கம்பாட்டிபிள் லத்தீன் வழி வந்தது, அதன் வேருக்குச் 'சேர்ந்து துன்பப்படு' என்று பொருள் (பழைய ஸ்கிரிப்டுகளைப் பராமரிப்பவர்கள் மறுக்கமாட்டார்கள்).

மாற்றம் பெரிதாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. ஈகிரெப் என்பது கோப்புகளுக்குள் சொற்களைத் தேடும் கட்டளை, 1979இல் வந்த யூனிக்ஸ் இயங்குதளத்தின் ஏழாம் பதிப்பிலேயே இருந்தது. இன்று பரவலாகப் புழங்கும் க்னூ கிரெப் என்ற தேடல் மென்பொருளில் அது ஒரு குட்டி ஷெல் ஸ்கிரிப்ட், உள்ளே பெரிய எழுத்து 'ஈ' (-E) என்ற விருப்பத்தோடு கிரெப் கட்டளையைக் கூப்பிடும், அவ்வளவுதான். 2022இல் வந்த 3.8 பதிப்பில், இந்தக் கட்டளை வழக்கொழிகிறது என்று ஒரு எச்சரிக்கை வரியைச் சேர்த்தார்கள் (அதன் தம்பியான எஃப்கிரெப் கட்டளைக்கும்தான்). தேடல் முடிவில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. ஆனால் அந்த வரி பிழை வெளியீட்டுக்கு (பிழைச் செய்திகளுக்கென்று தனியாக இருக்கும் வழிக்கு) போகிறது, அங்கே எது வந்தாலும் தோல்வி என்று எழுதப்பட்ட ஸ்கிரிப்டுகளுக்கு அது போதும், நின்றுவிடும். 2007இலேயே கைவிடப்பட்டதாக அறிவித்த கட்டளைதானே என்றால், சரி, உண்மைதான், ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் ஸ்கிரிப்டை வைத்திருப்பவர் யார் ஆவணத்தைத் திறந்து பார்க்கிறார்? என்னைக் கேட்டால் முறிந்ததா இல்லையா என்று சொல்ல வேண்டியது அந்த ஸ்கிரிப்ட்தான், மாற்றியவர் அல்ல.

நிரல்களில் செய்த மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் என்ற மென்பொருள், 2014இல் வந்த அதன் 2.0 பதிப்பில் இன்னும் பெரிய வேலை செய்தது. நம் கணினியில் உள்ளதை சர்வருக்கு அனுப்ப வெறும் 'கிட் புஷ்' என்று அடித்தால், அதுவரை இரு பக்கமும் ஒரே பெயருள்ள எல்லாக் கிளைகளும் (தனித்தனியாக வளரும் வேலைப் பிரிவுகள்) போகும், அப்புறம் நாம் நிற்கிற கிளை மட்டும். நடத்தையே மாறியது, ஆனால் முன்பே எச்சரித்துவிட்டு, பதிப்பின் முதல் எண்ணையும் ஏற்றிச் செய்தார்கள்.

தமிழுக்கு வருவோம். கம்பாட்டிபிலிட்டிக்கு இணக்கம், ஒத்திசைவு இரண்டும் புழங்குகின்றன. எனக்கு இணக்கம்தான் பிடிக்கும், இணங்கிப் போவது எல்லோருக்கும் தெரிந்த சொல். ஆக பேக்வர்டு கம்பாட்டிபிலிட்டி பின்னிணக்கம். 'உடைக்கும் மாற்றம்' வேண்டாம், உடைவது பானை. உறவும் உடன்பாடும் முறியத்தான் செய்யும். வெளியீட்டுக் குறிப்பில் இப்படி எழுதலாம்: 'பின்னிணக்கம் முறிக்கும் மாற்றம்: ஈகிரெப், எஃப்கிரெப் இனி எச்சரிக்கை காட்டும்.' பேச்சில் 'முறிக்கும் மாற்றம்' போதும்.