தேவதை வளரவில்லை, தெரு இறங்கியது

மெக்சிகோ நகரின் ரிஃபார்மா சாலையில், உச்சியில் தங்கத் தேவதையுடன் ஒரு விடுதலை நினைவுத்தூண் நிற்கிறது. 1910ல் திறந்தார்கள். பின்னர் அதன் அடியில் 14 படிகளைக் கூடுதலாகக் கட்டவேண்டி வந்தது. தூணின் அஸ்திவாரம் மண்ணில் ஆழமாக இறக்கிய பைல்களின், அதாவது அடித்தூண்களின் மேல் இருக்கிறது, அதனால் அது அசையவில்லை. சுற்றியிருந்த தெருதான் கீழே போய்விட்டது.

அந்த ஊரின் பெரும்பகுதி பழைய ஏரிப்படுகை. அந்த மண்ணின் பழைய குடிகளான ஆஸ்டெக்குகள் ஏரித்தீவில் கட்டிய நகரை 1521ல் பிடித்த ஸ்பானியர்கள், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஏரியை வடித்தார்கள். மிஞ்சியது களிமண். அதிலும் மண்ணைவிடத் தண்ணீர்தான் அதிகம்!

களிமண்ணின் துகள்கள் மெல்லிய தகடுகள். தாறுமாறாகச் சாய்த்து நிறுத்திய சீட்டுகளைப் போல ஒன்றன்மேல் ஒன்று நிற்கும். இடையில் இருக்கும் நீரின் அழுத்தம் மேலிருக்கும் பாரத்தில் ஒரு பங்கைத் தாங்கும். களிமண்ணுக்கு அடியில் மணலும் சரளையுமான நீர்ப்படுகை. ஆழ்துளைக் கிணறுகள் அங்கிருந்து நீரை உறிஞ்ச உறிஞ்ச, மேலே உள்ள களிமண்ணின் நீரும் மெல்லக் கீழே கசிகிறது. முழுப் பாரமும் சீட்டுகளின் தலையில். அவை மடிந்து படுக்கின்றன.

சரி, நல்ல மழை பெய்தால் எழாதா? மணல் ஓரளவு மீளும். படுத்த சீட்டுகள் எழுந்து நிற்பதில்லை.

உறிஞ்சுவதுதான் காரணம் என்று 1940களிலேயே நாபோர் கரீயோ என்ற பொறியாளர் விளக்கிவிட்டார். நகர மையத்துக் கிணறுகளை மூடினார்கள். அப்புறம்? புறநகரில் தோண்டினார்கள், இறக்கமும் அங்கே குடிபோனது. சில இடங்களில் ஆண்டுக்கு அரை மீட்டர் அளவுக்குத் தரை இறங்குகிறது.

ஊர் மொத்தமும் ஒரே சீராக இறங்கினால் சேதம் இவ்வளவு இருக்காது. ஒரு மூலை அதிகமாகவும் மறு மூலை குறைவாகவும் இறங்குவதால்தான் சுவர் பிளக்கிறது, மெட்ரோ தண்டவாளம் அலையலையாகிறது. நகரின் பேராலயத்தின் ஒரு பகுதி, பழைய ஆஸ்டெக் கட்டடங்கள் ஏற்கெனவே அழுத்தி இறுக்கிவிட்ட மண்ணில் நிற்கிறது; மறுபகுதி இளகிய மண்ணில். கோணல் வராமல் என்ன செய்யும்? 1990களில் உயர்ந்து நின்ற பக்கத்தின் அடியிலிருந்து மண்ணைச் சுரண்டி எடுத்து, அதையும் இறக்கிச் சரிக்கட்டினார்கள். இறங்கும் கோயிலுக்கு மருந்து, இன்னும் கொஞ்சம் இறக்குவது!

சாக்கடைக்கு அந்த வைத்தியமும் இல்லை. கழிவுநீர் தானே வழிந்தோட 1900ல் முடித்த பெருங்கால்வாய், நிலம் இறங்கியதில் வாட்டத்தை இழந்தது. பம்பு வைத்துத் தள்ளவேண்டியதாயிற்று. குடிநீர்க் குழாய்களும் இணைப்புகளில் விட்டுக்கொள்கின்றன. ஊருக்குள் விடும் நீரில் கணிசமான பங்கு வழியிலேயே ஒழுகிப் போகிறது. அந்தக் குறையை ஈடுகட்ட மறுபடியும் ஆழ்துளைக் கிணறுகளைத்தான் ஓட்டுகிறார்கள்.