செல்ஃப் அடித்ததும் மொத்தக் கரண்டும் போகிறதா? பேட்டரிக் கடைக்கு ஓடாதீர்கள்

சாவியைத் திருப்பினால் டேஷ்போர்டு விளக்கெல்லாம் பளிச்சென்று எரிகிறது. செல்ஃப் அடித்தால் 'டக்' என்று ஒரே ஒரு சத்தம், அதோடு எல்லாம் போச்சு. விளக்கு இல்லை, ஹாரன் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து யாரும் எதையும் தொடாமலே விளக்கு திரும்ப எரிகிறது, கடிகாரம் மட்டும் 12:00 காட்டுகிறது. இந்தக் கோளாறோடு ஒர்க்‌ஷாப்புக்கு வரும் கார்களில் ஏற்கெனவே புதுப் பேட்டரி மாட்டியிருப்பதைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. ஐந்தாறாயிரம் ரூபாய் தண்டம், கோளாறு அப்படியே இருக்கிறது.

சார்ஜ் இறங்கிய பேட்டரி பெரும்பாலும் இப்படிச் செய்யாது. செல்ஃப் இழுத்து இழுத்துச் சுற்றும், விளக்கு மங்கும், செல்ஃப் மோட்டாருக்குக் கரண்ட் கொடுக்கும் சுவிட்சான சொலினாய்டு 'டகடக'வென்று அடித்துக்கொள்ளும். ஒரே அடியில் எல்லாம் அணைந்தால் முதலில் பார்க்க வேண்டியது பேட்டரியின் ஈய முனையையும் அதைப் பிடித்திருக்கும் ஒயரின் கிளாம்பையும்தான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்த இடத்தில் 0.05 ஓம் தடை இருக்கிறது என்று வையுங்கள். காருக்குள் எரியும் 5 வாட் விளக்கு 0.4 ஆம்பியர்தான் இழுக்கும், அதில் 0.02 வோல்ட் இழப்பு கண்ணுக்கே தெரியாது. செல்ஃப் மோட்டாரோ சிறிய பெட்ரோல் காரில்கூட 150 ஆம்பியர் கேட்கும். அதைக் கொடுக்கப் போனால் 7.5 வோல்ட் அந்த முனையிலேயே தொலைந்துவிடும். மிச்சத்தில் ரிலே என்னும் மின் சுவிட்ச் நிற்காது, இன்ஜினின் கம்ப்யூட்டரான இ.சி.யு.வும் நிற்காது.

"ஜம்ப் போட்டதும் ஸ்டார்ட் ஆயிடுச்சே சார், அப்ப பேட்டரிதானே?" இந்தக் கேள்விதான் எல்லாக் குழப்பத்துக்கும் வேர். அடுத்த வண்டியின் பேட்டரியிலிருந்து கரண்ட் கொண்டுவரும் ஜம்ப் கேபிளின் கவ்வி எதைப் பிடிக்கிறது? பெரும்பாலும் கிளாம்பைத்தான், உள்ளே இருக்கும் ஈய முனையை அல்ல. பழுதான இடத்தைத் தாண்டி, அடுத்த வண்டியின் கரண்ட் நேராக ஒயருக்குள் போகிறது. வண்டி ஸ்டார்ட் ஆகத்தான் செய்யும். உங்கள் பேட்டரி கெட்டுப்போனதற்கு அது சாட்சி இல்லை. "புதுசு போட்டதும் சரியாச்சே" என்பதும் இதே கதைதான். மாற்றும்போது கிளாம்பைக் கழற்றி, புது முனையில் அழுத்தி முறுக்குகிறார்கள். அந்த முறுக்குதான் வண்டியை ஓட வைக்கிறது. கிளாம்பைச் சுரண்டாமல் விட்டதால் சில மாதத்தில் மறுபடி 'டக்'.

சில நூறு ரூபாய்க்கு மல்டிமீட்டர் கிடைக்கிறது. டி.சி. 20 வோல்ட்டில் வையுங்கள். கியர் நியூட்ரலில், ஹேண்ட்பிரேக் மேலே. இரண்டு ஊசியையும் கிளாம்பில் வைக்காமல் ஈய முனையின் தலையிலேயே வையுங்கள். சும்மா இருக்கும்போது 12.4 முதல் 12.7 வரை இருக்க வேண்டும். இன்னொருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். கார் செத்துக் கிடக்க, மீட்டர் 12க்கு மேலேயே நின்றால் பேட்டரியில் குறையில்லை, கனெக்‌ஷனில்தான் குறை. 9.6க்குக் கீழே சரிந்தால் பேட்டரியைச் சந்தேகிக்கலாம். உள்ளே செல்களை இணைக்கும் பட்டை விட்டுப்போன பேட்டரியும் இதே 'டக்' காட்டும் என்பதால் இந்தச் சோதனையைத் தவிர்க்கவே கூடாது.

அடுத்து ஓர் ஊசியைப் பேட்டரியின் ஈய முனையில், மற்றதை அதே முனையின் கிளாம்பில் வையுங்கள். செல்ஃப் அடிக்கும்போது 0.1 வோல்ட்டைத் தாண்டினால் திருடன் அங்கேதான். இரண்டு முனையும் சுத்தமென்றால் நெகட்டிவ் முனைக்கும் இன்ஜின் உலோகத்துக்கும் இடையே பாருங்கள். செல்ஃப் அடிக்கும்போது 0.3க்கு மேல் போனால், நெகட்டிவ் முனையை இன்ஜினோடும் பாடியோடும் இணைக்கும் எர்த் ஒயரில்தான் கோளாறு. பாசிட்டிவ் கிளாம்பின் மேல் மெயின் ஃபியூஸ் பெட்டி இருக்கும் கார்களில் அதன் நட்டு தளர்ந்திருந்தாலும் இதே தொல்லைதான்.

மேலே பார்க்கச் சுத்தமாக இருக்கிறதே என்று நம்பாதீர்கள். கிளாம்பைக் கழற்றி உள்வட்டத்தைப் பாருங்கள்: சாம்பலும் கறுப்புமாக மெல்லிய படலம். அதுதான் தடை. சென்னையில் திருவான்மியூர், பெசன்ட் நகர், நீலாங்கரைப் பக்கம் கடற்கரையோரம் நிற்கும் கார்களில் உப்புக் காற்றால் இது சீக்கிரம் சேரும். வேளச்சேரி, பள்ளிக்கரணை மழைத் தண்ணீரில் இறங்கிய கார் என்றால், பாடியில் எர்த் ஒயர் முறுக்கிய இடம் துருப்பிடித்திருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள்.

கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். மாற்றிச் செய்து ஸ்பேனர் பாடியில் பட்டால் தீப்பொறி பறக்கும். மோதிரம், வாட்ச்சைக் கழற்றிவிடுங்கள். வெள்ளை, பச்சைப் பொடி இருந்தால் வெந்நீரில் ஆப்ப சோடா கலந்து துடையுங்கள், மூடி ஓட்டைக்குள் விடாதீர்கள். காய்ந்தபின் முனையையும் கிளாம்பின் உட்புறத்தையும் உப்புத்தாளால் பளபளக்கும்வரை தேய்த்து, கையால் அசைக்க முடியாத அளவுக்கு முறுக்கி, மேலே வாசலின் தடவுங்கள். கிளாம்ப் லூஸ் என்றால் புதுசு மாற்றுங்கள். உதிரிபாகக் கடைகள் நிறைந்த ஜி.பி. ரோட்டில் கிடைக்காததா? ஆணி, ஈயத்தாள் செருகுவதும் சுத்தியலால் தட்டி இறக்குவதும் வேண்டவே வேண்டாம். தட்டினால் உள்ளே முனையின் இணைப்பு விரிசல் விடும்.

ஒரே ஒரு மன்றாட்டு. பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரைச் சோதிக்கிறேன் என்று ஓடும் இன்ஜினில் பேட்டரி ஒயரைப் பிடுங்க யாரையும் விடாதீர்கள். அந்த நொடியில் எகிறும் வோல்டேஜ் இ.சி.யு.வையே சுட்டுவிடும். இன்ஜின் ஓடும்போது முனையில் மீட்டரை வையுங்கள், 13.8 முதல் 14.5 வரை காட்டினால் ஆல்டர்னேட்டர் நன்றாகவே இருக்கிறது.