அமேசான் காட்டுக்குள் போகும் பென்டிரைவ்

செயற்கைக்கோள் படங்களை வைத்து வேலை பார்க்கிறேன் என்று சொன்னால், "அப்போ காட்டில் ஒரு மரத்தை வெட்டினாலும் உங்களுக்குத் தெரிந்துவிடுமே" என்பார்கள். தெரியாது. காடழிப்பு எச்சரிக்கைக்குப் பரவலாகப் பயன்படும் லேண்ட்சாட் செயற்கைக்கோளின் படத்தில் ஒரு பிக்சல், அதாவது படத்தின் மிகச் சிறிய கட்டம், என்பது தரையில் 30 மீட்டருக்கு 30 மீட்டர், நம் கணக்கில் சுமார் 22 சென்ட். அதற்குள் ஒரே ஒரு மரம் விழுந்தால் நிறம் அவ்வளவாக மாறாது. ஒரு லேண்ட்சாட் அதே இடத்துக்குத் திரும்பி வர 16 நாள் ஆகும். வந்த அன்று மேகம் மூடியிருந்தால் அடுத்த சுற்றுதான். மழைக்காட்டில் மேகத்துக்கா பஞ்சம்? மேகத்தை ஊடுருவும் ரேடார் படங்கள் இப்போது ஓரளவு கைகொடுக்கின்றன. ஆனாலும் திரையில் விழுந்த புள்ளி ரம்பத்தின் வேலையா, காற்றில் சாய்ந்த மரங்களா, ஆறு அரித்த கரையா என்று ஏசி அறையில் உட்கார்ந்துகொண்டு அடித்துச் சொல்ல முடியாது. யாராவது போய்ப் பார்த்தாக வேண்டும்.

துறைக்குப் புதிதாக வருகிறவர்களுக்குப் பெரு நாட்டின் லொரேட்டோ பகுதியில் நடந்த சோதனையை நான் முதலில் சொல்வது இதனால்தான். 2018-ல் தொடங்கியது. 76 பழங்குடி ஊர்களில் 36 ஊர்களில் கண்காணிப்புத் திட்டம் நடந்தது. ஊருக்கு மூன்று பேருக்குப் பயிற்சி, கையில் ஸ்மார்ட்போன், ரோந்து போனால் கூலி. இணையம் சரியாக எட்டாத இடங்கள் என்பதால் செயற்கைக்கோள் படங்களிலிருந்து கிடைத்த காடழிப்பு எச்சரிக்கைகளைப் பென்டிரைவில் ஏற்றி, மாதம் ஒருமுறை ஆற்று வழியாக ஆள் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். ஊர்க்காரர்கள் அதைப் போனில் ஏற்றிக்கொண்டு, ஜிபிஎஸ் காட்டும் இடத்துக்குப் போய், பார்த்ததை ஊர்க்கூட்டத்தில் வைத்தார்கள். தாங்களே தடுப்பதா, அரசிடம் புகார் கொடுப்பதா என்பது கூட்டத்தின் முடிவு.

2021-ல் வெளியான ஆய்வின்படி, திட்டம் இல்லாத ஊர்களோடு ஒப்பிட்டால் முதல் ஆண்டில் காடழிப்பு 52 சதவீதம் குறைந்தது, இரண்டாம் ஆண்டில் 21 சதவீதம். கருத்தரங்க மேடைகளில் 52 மட்டும்தான் காதில் விழும். 21-ஐயும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம். காடழிப்பு ஆபத்து அதிகமாக இருந்த ஊர்களில்தான் பலனும் அதிகம் என்பதையும் சொல்ல வேண்டும். இதுபோன்ற திட்ட வரைவுகளைப் பார்க்கும்போது டிரோன் விலை இருக்கும் பக்கத்தை நான் தாண்டிவிடுவேன். படகு எரிபொருளுக்கும் ரோந்துக் கூலிக்கும் பணம் ஒதுக்கியிருக்கிறார்களா என்றுதான் தேடுவேன்.

பார்த்ததைச் சாட்சியாக மாற்றுவது அடுத்த கட்டம். ஈக்வடாரில் சினாங்கோவே ஊரின் கோஃபான் பழங்குடி மக்கள் தங்களுக்கென்று ஒரு காவல் படை வைத்திருக்கிறார்கள். அகுவாரிகோ ஆற்றங்கரையில் தங்கம் தோண்ட இயந்திரங்கள் இறங்கியதை ஜிபிஎஸ், டிரோன், காட்டில் பொருத்திய தானியங்கிக் கேமராக்கள் ஆகியவற்றைக் கொண்டு பதிவு செய்தார்கள். எந்த இடம், எந்த நாள் என்று தெரியாத படம் வழக்கறிஞருக்கு உதவாது. இவர்களிடம் இரண்டும் இருந்தன. தங்களைக் கலந்தாலோசிக்காமல் அரசு உரிமம் கொடுத்தது என்பது வாதம். 2018-ல் நீதிமன்றத் தீர்ப்பால் 52 சுரங்க உரிமங்கள் ரத்தாயின. 2022-ல் அரசியலமைப்பு நீதிமன்றமும் அவர்கள் பக்கமே நின்றது.

எல்லா இடத்திலும் கதை இப்படி முடிவதில்லை. பிரேசிலின் ரொண்டோனியா மாநிலத்தில் உரு-எவு-வாவ்-வாவ் மக்களின் கண்காணிப்புக் குழுவில் இருந்த ஆரி, சட்டவிரோத மரவெட்டைப் பதிவு செய்து வந்தவர். 2020 ஏப்ரலில் கொலையுண்டு கிடந்தார். படம் எடுத்தது யார் என்று வெளியே தெரிவதே உயிருக்கு உலை வைக்கும். அதனால்தான் ஈக்வடாரின் வவ்ரானி மக்களோடு சேர்ந்து வளர்த்தெடுத்த மாப்பியோ செயலி எனக்குப் பிடிக்கும். இணையம் இல்லாமல் இயங்கும். பதிவுகள் ஒரு போனிலிருந்து இன்னொரு போனுக்கு நேராகப் போகும். எதை வெளியே காட்டுவது, எதை ஊருக்குள்ளேயே வைத்துக்கொள்வது என்பதை ஊரே முடிவு செய்துகொள்ளலாம்.