விசில் சத்தமாக அடித்தால் பருப்பு சீக்கிரம் வேகுமா?

போன திங்கட்கிழமை காலை என் கார் ஒர்க்‌ஷாப் ஷட்டரை முழுசாகத் தூக்கவில்லை, அதற்குள் தெருமுனையில் ஒரு கார் திரும்புவது கேட்டது. எதிர் வீட்டு அம்மா கோலப்பொடிக் கிண்ணத்தோடு எழுந்து நின்றுவிட்டார். சைலன்சரை மாற்றிச் சத்தம் கூட்டிய வண்டியாக இந்த மாதத்தில் எனக்கு வந்த நான்காவது இது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

நாலு சிலிண்டர், 1.2 லிட்டர் பெட்ரோல் ஹேட்ச்பேக். சைலன்சர் பாக்ஸை எடுத்துவிட்டு நேர் பைப் போட்டிருக்கிறார்கள், முனையில் சொம்பு வாய் அகலத்துக்கு ஒரு குரோம் குழாய். ஓட்டி வந்த தம்பி இறங்கியதும், "பிக்கப் செமையா இருக்குதுங்ணா. செக் இன்ஜின் லைட்டுதான் அணைய மாட்டேங்குது. மைலேஜும் கொஞ்சம் அடி வாங்குது. லைட்டை மட்டும் எடுத்து விட்டுருங்க" என்றார்.

இருபத்திரண்டு வருஷமாக இந்த வேலையில் இருக்கிறேன். 'லைட்டை மட்டும்' என்று ஆரம்பித்த எந்த வண்டியும் லைட்டோடு முடிந்ததில்லை.

ஸ்கேனரைச் சொருகினால் பி0420, அதாவது கேட்டலிடிக் கன்வெர்ட்டர் ஒழுங்காக வேலை செய்யவில்லை என்ற கோடு. லிஃப்டில் ஏற்றிப் பார்த்தால், புகையின் விஷத்தைக் குறைக்கும் அந்தக் கன்வெர்ட்டர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் குழாய். வெல்டிங் எறும்புப் புற்று மாதிரி கட்டிகட்டியாக நிற்கிறது, ஒரு பக்கம் கரிக்கோடு. புகை கசிகிறது என்று அர்த்தம்.

"கேட்-கான் எங்க தம்பி?"

"அந்த டப்பாங்களா? அது வேஸ்ட்டு, காத்தை அடைக்கும்னு எடுத்துட்டாங்க."

அந்த டப்பாவுக்குள் தேன்கூடு மாதிரி ஒரு பீங்கான் கட்டி, அதன் மேல் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூச்சு. பழைய இரும்புக் கடைக்காரருக்கே அதன் விலை தெரியும். எடுத்தவர் குப்பையில் போட்டிருப்பார் என்று நம்பினால் நம்பிக்கொள்ளுங்கள்.

இனி அந்தப் 'பிக்கப்'. சத்தம் கூடினால் பவர் கூடும் என்று யார் முதலில் கிளப்பிவிட்டார்களோ தெரியாது, எனக்கு தினமும் ஒருவராவது இதைச் சொல்கிறார். குக்கரில் விசில் சத்தமாக அடித்தால் பருப்பு சீக்கிரம் வெந்துவிடுமா? இன்ஜினின் பலம் எவ்வளவு காற்றும் பெட்ரோலும் உள்ளே போய் ஒழுங்காக எரிகிறது என்பதில் இருக்கிறது. வெளியே கேட்பது எரிந்து முடிந்த மிச்சத்தின் ஓசை. உங்கள் வண்டிக் கம்ப்யூட்டரில் இருக்கும் கணக்கு பழைய பைப்புக்காக எழுதியது, பைப்பை மாற்றியதும் இன்ஜின் தானாகப் பெரிதாகிவிடாது. சொல்லப்போனால் அகலமான குழாயில் புகையின் வேகம் குறைகிறது. ஒரு சிலிண்டரிலிருந்து வேகமாகப் போகும் புகைதான் அடுத்த சிலிண்டரின் புகையையும் இழுத்துக்கொண்டு போகும். அந்த இழுவை போனால் 1,500-லிருந்து 2,500 ஆர்பிஎம்முக்குள் (இன்ஜின் நிமிஷத்துக்குச் சுற்றும் சுற்றுகள்) வண்டி சோம்பிவிடும். கோவை காந்திபுரம் சிக்னலில் நீங்கள் ஓட்டுவது அதற்குள்தான். ('பேக் பிரஷர் வேணும்', அதாவது புகையைக் கொஞ்சம் தடுத்து நிறுத்த வேண்டும் என்று ஒரு கூட்டம் எதிர்ப்பக்கம் கிளம்பும். எந்த இன்ஜினுக்கும் அடைப்பு வேண்டாம் ஐயா, புகைக்கு வேகம்தான் வேண்டும்.)

தம்பி நம்பவில்லை. விபத்தில் அடிபட்ட அதே மாடல் வண்டியின் சைலன்சர் செட், கன்வெர்ட்டரோடு என் ஷெட்டில் கிடந்தது. மறுநாள் விடியற்காலையில் ஆளில்லாத ரோட்டில் மூன்றாவது கியரில் 40-லிருந்து 80 வரை ஓட்டினோம். போன் ஸ்டாப்வாட்ச் அவர் கையில். முதலில் அவர் பைப், பிறகு கம்பெனி மாட்டித் தரும் ஸ்டாக் பைப். ஸ்டாக்கில் அரை நொடி முன்னாடியே 80 தொட்டது. "ஆனா மெதுவா போன மாதிரி இருந்துச்சுங்ணா" என்றார். அந்த 'மாதிரி'க்குத்தான் அவர் காசு கொடுத்திருக்கிறார்.

காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ வண்டியில் கம்ப்யூட்டர் கணக்கையும் சேர்த்து மாற்றி, முறையாக வடிவமைத்த பைப் போட்டால் பலன் உண்டு, மறுக்கவில்லை. அது வேறு செலவு, வேறு வேலை.

சத்தம் ஏன் மாறுகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நாலு சிலிண்டர் இன்ஜின் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை வெடிக்கும். 2,400 ஆர்பிஎம்மில் நொடிக்கு 80 வெடிப்பு. சைலன்சர் பாக்ஸுக்குள் ஓட்டை போட்ட குழாய்களும் அறைகளும் இருக்கும். அலைகள் முட்டித் திரும்பி ஒன்றையொன்று அமுக்கும், கண்ணாடிப் பஞ்சு கீச்சுச் சத்தத்தைக் குடிக்கும். பாக்ஸை எடுத்தால் புதுச் சத்தம் எதுவும் பிறப்பதில்லை, மூடி வைத்திருந்ததெல்லாம் அம்மணமாக வெளியே வருகிறது. மூன்று சிலிண்டரில் அதே வேகத்துக்கு நொடிக்கு 60 வெடிப்புதான், அதனால் அதன் பைப்பைத் திறந்தால் ஷேர் ஆட்டோவுக்கு அண்ணன் மாதிரி கத்தும். அமெரிக்க வி8 (எட்டு சிலிண்டர்) வண்டிகளின் அந்த உறுமல், ஒவ்வொரு பக்கக் குழாயிலும் வெடிப்புகள் சம இடைவெளி இல்லாமல் வருவதால் பிறப்பது. பைப் கடையில் அது கிடைக்காது.

அந்த நொடிக்கு 80 அதிர்வு, கண்ணாடி ஏற்றிய காருக்குள் 'ம்ம்ம்' என்று தேங்கி நிற்கும். ஹைவேயில் ஒரே வேகத்தில் போகும்போது காது அடைக்கும், மண்டை கனக்கும். பைப் மாட்டிய அன்று ஊருக்குள் ஒரு ரவுண்டு போய்ப் பார்க்கிறவர்களுக்கு இது தெரியாது. பழனிக்குப் போய்விட்டு வந்து சொல்லுங்கள். மட்டமான பாக்ஸில் சில மாதத்தில் பஞ்சு எரிந்து பறந்துபோகும், அப்புறம் நீங்கள் வாங்கிய சத்தமும் இருக்காது.

தம்பி போகிறபோக்கில் இன்னொன்று சொன்னார். அவங்க அம்மாவுக்குப் பின் சீட்டில் உட்கார்ந்தால் தலைவலியும் குமட்டலுமாம். "சத்தம் ஒத்துக்கல போல." எனக்குப் பகீரென்றது. கசியும் வெல்டிங் நேராகப் பின் சீட்டுக்குக் கீழே. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, வாசமில்லை. கன்வெர்ட்டர் இருந்தால் பெரும்பகுதியை அது எரித்திருக்கும், அதுவும் இல்லை. ஏசி போட்டு, கண்ணாடி ஏற்றி, வண்டியை நிறுத்தி வைத்துக்கொண்டு தூங்குகிறவர்கள் எழுந்திருக்காமலே போயிருக்கிறார்கள். கையெடுத்துக் கும்பிடுகிறேன், வண்டிக்குள் தலை சுற்றினால் உடனே இறங்குங்கள், இறக்குங்கள். சத்தத்தின் மேல் பழி போடாதீர்கள்.

சட்டம் தெரியாது என்று சொல்லாதீர்கள். புது காருக்கு ஓட்டச் சோதனையில் 74 டெசிபல்தான் வரம்பு. 84 என்பது 'பத்துதானே கூட' இல்லை, ஒலியின் ஆற்றல் பத்து மடங்கு. மோட்டார் வாகனச் சட்டம் 190(2)-ன்படி முதல் தடவையே 10,000 ரூபாய் வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ, கூடவே மூன்று மாதம் லைசென்ஸ் தகுதியிழப்பும் உண்டு. வண்டியைச் சட்டவிரோதமாக மாற்றியதற்கு 182ஏ-யில் உரிமையாளருக்குத் தனித் தண்டனை.

அப்புறமும் மாற்றத்தான் போகிறீர்கள் என்றால் கேளுங்கள். கன்வெர்ட்டரிலும் ஆக்ஸிஜன் சென்சாரிலும் யாரையும் கை வைக்க விடாதீர்கள். வண்டியில் வெல்டிங் அடிக்கும் முன் பேட்டரி நெகட்டிவைக் கழற்றினானா என்று நின்று பாருங்கள், கழற்றாததால் இசியு (வண்டிக் கம்ப்யூட்டர்) போன வண்டிகளை நான் பார்த்திருக்கிறேன். கணக்கை மாற்றி 'பட் பட்' என்று வெடிக்க வைக்கிறேன் என்பவரிடம் வண்டியையே கொடுக்காதீர்கள், அந்த வெடிப்பு, எரியாத பெட்ரோல் புகைக் குழாய்க்குள் போய் எரிவது. ஆஸ்பத்திரி, ஸ்கூல் பக்கம் ஆக்சிலேட்டரை மிதித்து உறுமவிடாதீர்கள், அதை நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? ஆசை தீர ஓட்ட செட்டிபாளையத்தில் ட்ராக் இருக்கிறது.

கழற்றிய ஒரிஜினல் சைலன்சரை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். உள்ளே தண்ணீர் நிற்கும், வடித்துவிட்டு சாக்கு சுற்றிப் பரணில் போடுங்கள். அந்தத் தம்பியின் நேர் பைப் இப்போது என் ஷெட் மூலையில் கிடக்கிறது. அவங்க அம்மா போன் பண்ணி, "அதைத் திருப்பிக் குடுத்துராதீங்க தம்பி" என்று சொல்லியிருக்கிறார்.